படுக்கையில் கிடந்து எழுதிய வைத்தியர்

கதிர்த்தொழிற்பாடு என்ற பாடம் உயர்தர வகுப்பில் எமக்கு ஒரு சமன்பாடாகத்தான் அறிமுகமாகிறது. அரைவாழ்வுக் காலத்தைக் கணிக்கிறோம். அல்பா, பீற்றா, காமா என்று அட்டவணை கீறுகிறோம். எந்தக் கணக்கு பரீட்சைக்கு வரும் என்பதே எமது கவலை. அந்தக் கதிர் மனித உடம்புக்குள் புகுந்தால் என்ன நடக்கும் என்பதைத் தன் சொந்த உடம்பைப் பார்த்தே எழுதி வைத்த ஒரு வைத்தியர் ஜப்பானில் வாழ்ந்தார். அணுகுண்டு விழுந்த நாகசாகியில் மனைவியை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு ஒரு சின்னக் குடிசையில் படுத்த படுக்கையாகக் கிடந்து, பத்துக்கும் மேற்பட்ட நூல்களை எழுதியவர் அவர். அவரது பெயர் தக்காஷி நகாய்.

நகாய் 1908 பெப்ரவரி 3 ஆம் திகதி ஜப்பானின் மேற்குக் கரையிலுள்ள மத்சுவே நகரில் பிறந்தார். தந்தை மேற்கத்தேய மருத்துவம் கற்ற கிராமத்து வைத்தியர். தந்தையின் தந்தையும் வைத்தியர்தான். ஆனால் அவர் பாரம்பரிய மூலிகை வைத்தியம் செய்தவர். நோயாளிகள் வந்து போகும் வீட்டிலேயே நகாயின் குழந்தைப் பருவம் கழிந்தது. ஆகவே 1928 இல் அவர் நாகசாகி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது குடும்பத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. உயரமான, பலமான இளைஞன். கூடைப்பந்து விளையாடுவதில் ஆர்வம். அந்தக் காலத்து மருத்துவ மாணவர் பலரைப் போலவே, கண்ணால் காண்பதும் கருவியால் அளப்பதுமே உண்மை, ஆன்மா என்பது வெறும் பேச்சு என்று அவரும் நினைத்திருந்தார்.

அந்த நினைப்பை 1930 இல் அவருடைய தாயின் மரணம் அசைத்துவிட்டது. மூளையில் குருதி கசிந்து தாய் கிடக்கிறார் என்ற செய்தி கேட்டு ஓடி வந்த மகனோடு அவரால் ஒரு வார்த்தையும் பேச முடியவில்லை. மகனைப் பார்த்தபடியே அவர் உயிர் பிரிந்தது. அந்தப் பார்வையில் இருந்தது வெறும் நரம்பும் தசையும் அல்ல என்று மருத்துவ மாணவனுக்குத் தோன்றியது. தான் கற்ற விஞ்ஞானம் பதில் சொல்லாத கேள்விகள் இருக்கின்றன என்பதை அன்றுதான் அவர் ஒப்புக்கொண்டார். பிரான்ஸ் நாட்டுக் கணித மேதையான பாஸ்கலின் சிந்தனைகளை அவர் ஊன்றிப் படிக்கத் தொடங்கியதும் அதன் பிறகுதான்.

நாகசாகியின் வடக்கே உரகாமி என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர்கள். ஜப்பானிய ஆட்சியாளர் அந்த மதத்தைத் தடை செய்திருந்த இருநூற்றைம்பது ஆண்டுகளாக அவர்களது மூதாதையர் இரகசியமாகவே தம் நம்பிக்கையைக் காத்து வந்தார்கள். பிடிபட்டவர்கள் சித்திரவதைக்கு ஆளானார்கள். ஆயிரக்கணக்கானோர் ஊர்விட்டு ஊர் துரத்தப்பட்டார்கள். 1873 இல் தடை நீங்கிய பின்னர், திரும்பி வந்த அந்த ஏழை விவசாயிகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பெரிய தேவாலயத்தைக் கட்டினார்கள். நகாய் வாடகைக்குத் தங்கியிருந்த மொரியாமா குடும்பமும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்ததே. அந்த வீட்டின் மகள் மிதோரி ஓர் ஆசிரியை.

1932 இல் நகாய் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால் அதே வேளையில் காதில் தொடங்கிய ஒரு நோய் மூளைக் காய்ச்சலாக மாறி அவரை மரணத்தின் வாசல் வரை கொண்டு சென்றது. உயிர் தப்பினாலும் வலது காதின் கேள்தன்மை போய்விட்டது. ஒரு காது கேட்காத வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது எப்படி? பொது மருத்துவராகும் கனவைக் கைவிட்டு, அப்போது புதிதாக வளர்ந்து கொண்டிருந்த எக்ஸ் கதிர்த் துறையை அவர் தேர்ந்தெடுத்தார். வேறு வழியின்றித் தேர்ந்தெடுத்த அந்தத் துறையே அவரது வாழ்வையும் மரணத்தையும் தீர்மானித்தது.

அதே ஆண்டு டிசெம்பர் 24 ஆம் திகதி இரவு மிதோரிக்குத் தாங்க முடியாத வயிற்று வலி வந்தது. குடல்வால் அழற்சி என்று கண்டுகொண்ட நகாய், கொட்டும் பனியில் அவளை முதுகில் சுமந்துகொண்டு வைத்தியசாலைக்குப் போனார். மிதோரி பிழைத்துக்கொண்டாள். பின்னர் நகாய் இராணுவ சேவைக்காக மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டார். 1934 இல் திரும்பி வந்ததும் அவர் கிறிஸ்தவ மதத்தைத் தழுவி மிதோரியை மணம் முடித்தார். 1937 இல் சீனாவுடன் போர் மூண்டபோது மறுபடியும் அழைப்பு வந்தது. மூன்று ஆண்டுகள் போர்முனையில் இராணுவ வைத்தியராக இருந்தார். அந்தக் காலப்பகுதியில் அவரது சின்ன மகள் ஒருத்தி நோயால் இறந்து போனாள். அவர்களுக்குப் பிறந்த நான்கு பிள்ளைகளில் எஞ்சியவர்கள் இருவர்: மூத்தவன் மகோதோ, இளையவள் கயானோ.

உலகப் போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் ஜப்பானில் காசநோய் பரவியிருந்தது. எக்ஸ் கதிர்ப் படச்சுருள் கிடைப்பதோ அரிதாகிவிட்டது. படம் எடுக்க முடியாதென்றால் நோயாளியைக் கருவியின் முன் நிறுத்தித் திரையில் நேரடியாகக் கண்ணால் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும் வைத்தியர் மீதும் கதிர் விழும். அது ஆபத்து என்பது நகாய்க்குத் தெரியும். இருந்தும் வரிசையில் நின்றவர்களை அவர் திருப்பி அனுப்பவில்லை. 1945 ஜூன் மாதம் அவருடைய குருதியைச் சோதித்தபோது வெண்குழியங்களின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. சாதாரணமாக ஒருவருக்கு அது ஏழாயிரத்துக்கு அண்மையாகவே இருக்கும். குருதிப் புற்றுநோய். இன்னும் மூன்று ஆண்டுகள் வாழலாம் என்று கணித்துச் சொன்னார்கள். அன்றிரவே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மிதோரி கலங்கவில்லை, அவருக்குத் தைரியம் சொன்னாள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகாய்க்குப் புற்றுநோயைத் தந்தது அணுகுண்டு அல்ல. குண்டு விழுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே அவர் நோயாளி. பிறரைக் குணப்படுத்தப் பயன்பட்ட கதிரே அவரது நோய்க்குக் காரணம். அணுவின் இரண்டு முகங்களையும் ஒரே உடம்பில் தாங்கியவர் அவர்.

1945 ஓகஸ்ட் 8 ஆம் திகதி காலை. மிதோரி வழமைபோலப் புன்னகையோடு கணவரை வழியனுப்பி வைத்தாள். சிறிது தூரம் போன பிறகுதான் மதிய உணவுப் பெட்டியை மறந்து வந்தது நகாய்க்கு நினைவு வந்தது. திரும்பி வந்தவர் கண்டது வாசலில் குனிந்து விழுந்து அழுதுகொண்டிருந்த மனைவியை. நோயைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளில் அழாதவள், யாரும் பார்க்காத நேரத்தில் அழுதுகொண்டிருந்தாள். அன்றிரவு விமானத் தாக்குதல் காவல் கடமை இருந்ததால் அவர் வைத்தியசாலையிலேயே தங்கினார். வாசலில் கண்ட அந்தக் காட்சியே கடைசி என்று இருவருக்கும் தெரியாது.

மறுநாள் ஓகஸ்ட் 9. ஹிரோஷிமா அழிக்கப்பட்டு மூன்று நாட்கள் ஆகியிருந்தன. புளூட்டோனியம் குண்டைச் சுமந்து வந்த அமெரிக்க விமானத்தின் முதல் இலக்கு நாகசாகி அல்ல, கொக்குரா என்ற நகரம். அங்கே வானம் தெளிவாக இல்லாததால் விமானம் நாகசாகிப் பக்கம் திரும்பியது. முற்பகல் 11.02 மணிக்கு உரகாமிக்கு மேலே, ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் குண்டு வெடித்தது. அந்த ஆண்டின் இறுதிக்குள் நாகசாகியில் இறந்தவர்களின் தொகை சுமார் 74,000 என்று கணக்கிடப்பட்டுள்ளது. மேகம் விலகியிருந்தால் இறந்திருக்கக்கூடிய மக்கள் வேறு. மேகம் மூடியதால் இறந்த மக்கள் வேறு. இரண்டு நகரத்து மக்களுக்கும் அந்தக் காலையில் இது தெரியாது.

மருத்துவக் கல்லூரி வெடிப்பு மையத்திலிருந்து சுமார் 700 மீற்றர் தூரத்தில் இருந்தது. வகுப்பறைகளில் பாடம் கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களும் ஆசிரியர்களும் ஊழியர்களுமாக எண்ணூறுக்கும் மேற்பட்டோர் அங்கே உயிரிழந்தார்கள். கொங்கிரீட் கட்டடத்தினுள் எக்ஸ் கதிர்ப் பிரிவில் இருந்த நகாயின் மீது கண்ணாடித் துண்டுகள் பாய்ந்தன. வலது நெற்றிப் பொட்டில் நாடி அறுந்து குருதி பீறிட்டது. காயத்தை அழுத்திக் கட்டிக்கொண்டு, எஞ்சியிருந்த தாதியரையும் மாணவர்களையும் சேர்த்து, தீ நெருங்கும் முன் நோயாளிகளை வெளியே இழுத்து மலைச்சரிவுக்குக் கொண்டு போனார். குருதி இழந்து தானே மயங்கி விழும் வரை வேலை செய்தார்.

வீடு அங்கிருந்து அதிக தூரமில்லை. ஆனாலும் அவர் உடனே போகவில்லை. மிதோரி உயிரோடு இருந்தால் தன்னைத் தேடி வந்திருப்பாள், வராததால் அவள் இல்லை என்று அவர் விளங்கிக்கொண்டார். ஓகஸ்ட் 11 ஆம் திகதி சாம்பல் மேடாகிப் போன தன் வீட்டுக்குச் சென்றார். சமையலறை இருந்த இடத்தில் மிதோரியின் கரிந்த எலும்புகள் கிடந்தன. பக்கத்தில் அவளது செபமாலை உருகிப்போய்க் கிடந்தது. சில வாரங்களுக்கு முன்தான், தான் முதலில் இறக்கப் போவதை எண்ணி, தன் எலும்புகளைப் பொறுக்கி எடுக்கப் போகிறவள் மிதோரி என்று அவர் நினைத்திருந்தார். இப்போது அவளுடைய எலும்புகளை ஒரு வாளியில் அவரே சேர்த்து எடுத்தார். சில நாட்களுக்கு முன்பே பாட்டியோடு மலையடிவாரக் கிராமமொன்றுக்கு அனுப்பி வைத்ததால் பிள்ளைகள் இருவரும் தப்பியிருந்தார்கள்.

அந்தக் கிராமத்திலேயே நகாயும் அவரது குழுவினரும் நிவாரண நிலையம் ஒன்றை அமைத்தார்கள். சுமார் இரண்டு மாதங்கள் வீடு வீடாக நடந்து காயப்பட்டவர்களைப் பார்த்தார்கள். கையில் மருந்து இல்லை. காயமே இல்லாதவர்கள் கூடச் சில வாரங்களின் பின் முடி கொட்டி, முரசில் குருதி கசிந்து, காய்ச்சலில் இறந்தார்கள். இது என்ன நோய் என்று உலகில் எந்தப் பாடநூலிலும் இருக்கவில்லை. நகாய் கண்டதையெல்லாம் குறித்து வைத்தார். யார் எத்தனை மீற்றர் தூரத்தில் இருந்தார், எத்தனையாம் நாளில் என்ன அறிகுறி வந்தது, எது பலன் தந்தது, எது தரவில்லை. இவற்றை ஓர் அறிக்கையாக எழுதித் தன் கல்லூரிக்குச் சமர்ப்பித்தார். அந்த அறிக்கை பிறகு எங்கோ மறைந்து போய் 1970 இல்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

உரகாமியில் இனி 75 ஆண்டுகளுக்குப் புல் பூண்டும் முளைக்காது, மனிதர் வாழ முடியாது என்று வதந்தி பரவியிருந்தது. நகாய் அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தரையைப் பார்த்தார். மூன்று வாரங்களில் எறும்புகள் தென்பட்டன. ஒரு மாதத்தில் மண்புழுக்கள். எலிகளும் ஓடித் திரிந்தன. சின்ன உயிர்கள் வாழ முடிந்தால் மனிதனும் வாழலாம் என்று கணித்து, எரிந்த தன் வீட்டு நிலத்திலேயே தகரமும் பலகையும் கொண்டு ஒரு கொட்டில் அமைத்துப் பிள்ளைகளோடு குடியேறினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் திரும்பி வரத் தொடங்கினார்கள்.

1946 ஜூலையில் நாகசாகிப் புகையிரத நிலையத்தில் அவர் மயங்கி விழுந்தார். அதன் பின்னர் எழுந்து நடமாடவே இல்லை. வயிறு வீங்கி மல்லாந்தே கிடக்க வேண்டிய நிலை. 1948 இல் ஊர் மக்கள் அவருக்கு ஒரு சிறு குடிசை கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு பாய்கள் விரிக்கக்கூடிய அளவுதான் அதன் தரை. அதற்கு நியோகோதோ என்று பெயரிட்டார். தன்னைப் போலவே பிறரையும் நேசிக்கும் இல்லம் என்று அதற்குப் பொருள். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்ப வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த எமக்கு இந்தப் பெயர் அந்நியமானதல்ல.

அந்தக் குடிசைக்குள் நடந்த ஒரு சம்பவம் என்னை மிகவும் பாதித்தது. நகாயின் மண்ணீரல் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தது. பிள்ளை ஒன்று ஓடி வந்து மேலே விழுந்தால் அது வெடித்து அவர் இறந்துவிடக்கூடும். அதனால் பிள்ளைகளைப் பக்கத்தில் வர விடாமல் வைத்திருந்தார். ஒரு நாள் அவர் உறங்குகிறார் என்று எண்ணிக் கயானோ மெல்ல வந்து தன் கன்னத்தைத் தந்தையின் கன்னத்தில் வைத்து, அவரது வாசனையை முகர்ந்தாள். அவர் உறங்கவில்லை. விழித்திருப்பது தெரிந்தால் மகள் விலகிப் போய்விடுவாளே என்று கண்ணை மூடியபடியே கிடந்தார். இந்த நிகழ்ச்சியை அவர் இந்தப் பிள்ளைகளை விட்டுச் செல்கிறேன் என்ற பொருள்படும் தலைப்புடைய நூலில் எழுதியிருக்கிறார். தாயை இழந்து தந்தையையும் இழக்கப் போகும் இரண்டு பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட அந்த நூல் 1948 இல் வெளிவந்தது.

அவரது நூல்களில் மிகவும் புகழ்பெற்றது நாகசாகியின் மணி. குண்டு வீச்சில் உரகாமி தேவாலயம் இடிந்தபோது அதன் இரண்டு மணிகளில் ஒன்று உடைந்தது. மற்றையதை இடிபாடுகளுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, மரக் கம்பங்களில் தொங்கவிட்டு, அந்த ஆண்டின் நத்தார் இரவில் ஒலிக்கச் செய்தார்கள். நூலின் பெயர் அதிலிருந்து வந்தது. 1946 இலேயே எழுதி முடிக்கப்பட்ட அந்த நூல் 1949 ஜனவரியில்தான் அச்சாகியது. காரணம், ஜப்பானை ஆண்டுகொண்டிருந்த நேசநாட்டுப் படைகளின் தணிக்கை. ஹிரோஷிமாவில் தப்பிய ஆறு பேரின் கதையை அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஹேர்சி 1946 இலேயே எழுதி அமெரிக்க மக்கள் படித்துவிட்டார்கள். குண்டு விழுந்த மண்ணில் இருந்தவர்களுக்கோ தம் கதையைத் தம் மொழியில் அச்சிடும் சுதந்திரம் இருக்கவில்லை.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. 1945 இல் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் ஜப்பானியப் படைகள் பொதுமக்களுக்குச் செய்த கொடுமைகள் பற்றிய விவரணம் ஒன்றும் அதே நூலில் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட வேண்டும். ஒரு கொடுமையைக் காட்டி மற்றொரு கொடுமையைச் சரிக்கட்டும் முயற்சி அது என்று பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானதே. ஆனால் மணிலாவில் நடந்ததும் பொய்யல்ல. அங்கே சுமார் ஒரு இலட்சம் பொதுமக்கள் மாண்டார்கள். எமது நாட்டின் மீதும் 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பிலும், 9 ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. நாகசாகியின் தாய்மாருக்காக அழும்போது மணிலாவின் தாய்மாரை மறக்கத் தேவையில்லை. மணிலாவைச் சொல்லி நாகசாகியை நியாயப்படுத்தவும் முடியாது.

நகாயின் வாழ்வில் இன்றும் விவாதிக்கப்படுகின்ற ஒரு விடயம் உண்டு. 1945 நவம்பர் 23 ஆம் திகதி இடிந்த தேவாலயத்தின் முன்னே இறந்தவர்களுக்காக நடந்த வழிபாட்டில் அவர் உரையாற்றினார். உரகாமியின் கத்தோலிக்கர்களில் சுமார் 8,000 பேர் இறந்திருந்தார்கள். கடவுள் தண்டித்துவிட்டார் என்று வெளியே இருந்தவர்கள் அவர்களைத் தூற்றினார்கள். அப்போது நகாய், இது தண்டனை அல்ல, போர் முடிவுக்கு வருவதற்காக இறைவன் ஏற்றுக்கொண்ட தூய பலி என்று விளக்கம் சொன்னார். உறவுகளை இழந்து நின்ற மக்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனால் பின்வந்த ஆய்வாளர்களும் உயிர் தப்பியவர்களில் சிலரும் அதை ஏற்கவில்லை. இறைவனின் திட்டம் என்று சொல்லிவிட்டால் போரைத் தொடங்கியவர்களும் குண்டை வீசியவர்களும் பதில் சொல்லத் தேவையில்லாமல் போய்விடும் அல்லவா என்று கேட்டார்கள். ஹிரோஷிமா கோபப்பட்டது, நாகசாகி பிரார்த்தித்துக்கொண்டு பேசாமல் இருந்தது என்று ஒரு பேச்சு நிலைப்பதற்கும் இது காரணமாயிற்று. 1981 இல் ஜப்பானுக்கு வந்த பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், போர் என்பது மனிதனின் செயலே என்று ஹிரோஷிமாவில் அழுத்திச் சொன்ன பிறகுதான் நாகசாகிக் கத்தோலிக்கர் பலர் வாய் திறந்து தம் அனுபவங்களைப் பேசத் துணிந்தார்கள்.

இதைப் படித்தபோது நான் நெடுநேரம் யோசித்தேன். நாமும் கழா கத்ரை நம்புகிறவர்கள். ஒரு மையித்து வீட்டில் இன்னா லில்லாஹி சொல்லி ஸப்ர் செய்யும்படி ஒருவரையொருவர் தேற்றுகிறோம். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எத்தனையோ உம்மாமார் எழுந்து நிற்கவே மாட்டார்கள். ஆனால் இறைவனின் நாட்டம் என்ற ஆறுதல் இழந்தவருக்கு உரியது. கொன்றவர் அதைத் தன் கேடயமாகத் தூக்க முடியாது. செய்த செயலுக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் எமது நம்பிக்கைதானே. மனைவியின் எலும்பைப் பொறுக்கி எடுத்த மனிதர் தன் துயருக்கு ஒரு பொருள் தேடியதை நான் குறை கூற மாட்டேன். அந்தப் பொருளை எடுத்துத் தம் கணக்கைத் தீர்த்துக்கொள்ள மற்றவர்களுக்கு உரிமை இல்லை என்பதே என் எண்ணம்.

நகாயே இந்த ஆறுதலோடு நின்றுவிடவில்லை. தன் அனுபவம் மட்டும் போதாது என்று உணர்ந்து மற்றவர்களின் வாய்மொழிகளையும் சேகரித்தார். உரகாமியிலுள்ள யமசாத்தோ ஆரம்பப் பாடசாலையில் பெரும்பாலான மாணவர்கள் இறந்துவிட்டார்கள். எஞ்சிய பிள்ளைகளைக் கொண்டு தாம் கண்டதை எழுதச் செய்து 1949 இல் நூலாக வெளியிட்டார். அந்த நூலின் வருமானத்தில் இறந்த பிள்ளைகளின் நினைவாகப் பாடசாலை வளவில் ஒரு நினைவுக்கல் எழுப்பப்பட்டது. உறவினரும் அயலவருமாக எட்டுப் பேரின் அனுபவங்களைத் தொகுத்து இன்னொரு நூலும் வந்தது. அதில் அவருடைய இரண்டு பிள்ளைகளும் பேசுகிறார்கள்.

அந்த எட்டுப் பேரின் நூல் யாரையும் வீரராகக் காட்டவில்லை. இடிபாட்டுக்குள் அகப்பட்டுக் கூப்பிட்டவரை விட்டுவிட்டு ஓடியதையும், தண்ணீர் கேட்டவரைக் கடந்து போனதையும் தப்பியவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். உயிர் தப்பியவர்களில் பலர், பிறரைப் பாராமல் ஓடியதால் தப்பியவர்களே என்று நகாய் அதில் எழுதினார். அந்தக் கணக்கிலிருந்து தன்னையும் விலக்கிக்கொள்ளவில்லை. உடைந்த வீட்டைத் திரும்பக் கட்டலாம், அயலவர்களுக்கிடையில் உடைந்த நம்பிக்கையை எதைக் கொண்டு கட்டுவது என்பதே அவரை வாட்டிய கேள்வி. அணுகுண்டின் அழிவைப் படத்தில் பார்த்திருக்கிறேன். தப்பியவர்களின் மனதுக்குள் அது செய்த அழிவை இந்த வாய்மொழிகளைப் பற்றி அறிந்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

புத்தகங்கள் விற்றன. அவரைப் பற்றிப் பாடல் வந்தது, 1950 இல் திரைப்படம் வந்தது. 1948 இல் ஹெலன் கெல்லர் அந்தக் குடிசைக்கு வந்து அவரது கையைப் பற்றிச் சென்றார். 1949 இல் ஜப்பானியச் சக்கரவர்த்தியும் வந்து பார்த்தார். நாகசாகி நகரம் அவரைக் கௌரவப் பிரஜையாக்கியது. கையில் கிடைத்த பணத்தில் பெரும் பகுதியை அவர் ஊருக்கே கொடுத்தார். எரிந்த மண்ணில் நடுவதற்கு ஆயிரம் செரிப்பூ மரக்கன்றுகள் வாங்கிக் கொடுத்தார். படிக்கப் புத்தகமில்லாத அயல் பிள்ளைகளுக்காகக் குடிசையின் பக்கத்திலேயே ஒரு சிறு நூலகம் திறந்தார். தன் பிள்ளைகள் அநாதைகளாகும் நாள் நெருங்குவதை அறிந்தவர், ஏற்கெனவே அநாதைகளாகிவிட்ட பிள்ளைகளையும் மறக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் என்று கணித்த உயிர் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் நீடித்தது. 1951 மே 1 ஆம் திகதி நகாய் காலமானார். வயது 43. குருதிப் புற்றுநோயின் இறுதிக் கட்டத்தை மருத்துவ மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காகத் தன்னை வைத்தியசாலைக்குக் கொண்டு போகும்படி அவர் கேட்டிருந்தார். அவரது விருப்பப்படியே உடல் பரிசோதிக்கப்பட்டது. சாதாரணமாக 200 கிராமுக்கும் குறைவான நிறையுடைய மண்ணீரல் அவருக்கு 3 கிலோவுக்கு மேல் இருந்தது. இறுதிப் பாடத்தையும் நடத்திவிட்டே அந்த ஆசிரியர் போனார். நகரத்தின் சார்பில் நடந்த இறுதி அஞ்சலியில் சுமார் 20,000 பேர் கலந்துகொண்டார்கள். மிதோரியின் பக்கத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் தொடங்கிய வேலை அவரோடு முடியவில்லை. தப்பியவர்கள் முதுமையிலும் ஊர் ஊராகச் சென்று தம் கதையைச் சொல்லி வந்தார்கள். அவர்களது அமைப்பான நிஹோன் ஹிதான்கியோவுக்கு 2024 ஆம் ஆண்டின் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. உரகாமி தேவாலயத்தின் உடைந்து போன மணிக்குப் பதிலாக அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் பணம் சேர்த்து ஒரு புதிய மணியை வார்த்துக் கொடுத்தார்கள். அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய ஒரு வைத்தியரின் பேரனே அந்த முயற்சியை முன்னின்று நடத்தினார். 2025 ஓகஸ்ட் 9 ஆம் திகதி காலை 11.02 மணிக்கு, 80 ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக, இரண்டு மணிகளும் சேர்ந்து ஒலித்தன. தன் பாட்டன் காலத்துப் பழியைத் தட்டிக் கழிக்காமல் ஏற்ற ஒருவர் அதைச் செய்தார் என்பதை அறிந்தபோது என் மனம் நெகிழ்ந்தது.

சகோதரிகளே, எம்மில் பலர் நாளை வைத்தியர்களாகவும் ஆசிரியைகளாகவும் தாய்மாராகவும் ஆகப் போகிறோம். நாம் காணும் துயரங்களுக்குக் காரணம் சொல்ல எமக்கு முடியாமல் போகலாம். சொல்லும் காரணம் பிழையாகவும் போகலாம். நகாய்க்கும் அது நேர்ந்தது. ஆனால் கண்டதை உள்ளபடி எழுதி வைக்க முடியும். தன் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்காமல் எழுத முடியும். எழுந்து உட்காரவும் இயலாத ஒரு மனிதர், இரண்டு பாய் அகலமான குடிசையில் மல்லாந்து கிடந்து அதைச் செய்தார். அடுத்த முறை அரைவாழ்வுக் காலத்தைக் கணிக்கும்போது, விடையை எழுதி முடித்த பின் ஒரு நிமிடம் அவரையும், உறங்குவதாக நினைத்து அவர் கன்னத்தோடு கன்னம் வைத்த அந்தச் சின்ன மகளையும் நினைத்துக்கொள்வோம்.